விசையில் ஒட்டிய பச்சைப் பொட்டு

அக்கா,

இன்று காலை லேப்டாப்பில் ஒரு படத்துக்கு விடை அழுத்தியபோது, விசையில் நீ ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கர் பொட்டு என் விரலோடு வந்துவிட்டது. பசை காய்ந்துபோயிருந்தது. வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே லேப்டாப்பில் சண்டையில்லாமல் வேலை பார்ப்போம் என்று கடலூரில் யாரும் நம்பவில்லை. "எத்தினி நாளைக்குன்னு பாக்குறேன்" என்றார் நம் மாமியார். கம்பெனியிலிருந்து, எங்கெங்கோ எடுத்த சாலைப் படங்கள் வரும்; கூடவே ஆங்கிலத்தில் அவர்களுடைய விதிகளும். டிரைவர் இல்லாமல் ஓடப்போகிற கார்களுக்கு அவைதான் பாடம். வழியில் கிடப்பதன் மேல் வண்டி போகலாமா, கூடாதா என்று நாம் சொல்ல வேண்டும். நான் அவசரக்குடுக்கை. நீதான் அதற்கொரு ஒழுங்கு கொண்டுவந்தாய். முதலில் விதிகளைத் தமிழில் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரிப் படங்களைச் சேர்த்து முடிக்க வேண்டும். மவுஸைத் தொடவே கூடாது. போகலாம் என்றால் பச்சைப் பொட்டு ஒட்டிய விசை, கூடாது என்றால் சிவப்பு, சந்தேகம் என்றால் மஞ்சள். மஞ்சளில் ஒதுக்கியதை டீ குடித்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.

அப்படியும் மாட்டினோம். சாலை முழுக்க உளுந்துச் செடி பரப்பிய படங்கள் கொத்தாக வந்தன. நீ சேத்தியாத்தோப்புக்காரி, சிதம்பரத்தில் படித்தபோது பஸ்ஸில் அதன் மேலேயே போய் வந்தவள். யோசிக்காமல் பச்சையைத் தட்டினாய்.

"அக்கா, ரூல்ல என்ன போட்டிருக்குன்னு பாத்துக்கலாமே."

"அட போடி! வண்டி ஏறுனாத்தானே உளுந்து உதிரும்? அதுக்குத்தானே ரோட்டுல போட்டு வெச்சிருக்காங்க!"

விதிப்படி அது தடை. அத்தனையும் திரும்பி வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் கணக்கை மூடிவிடுவோம் என்று எச்சரிக்கை வேறு. நீ விளக்கம் எழுதினாய்; அவர்கள் ஏற்கவில்லை. "இது போச்சுன்னா நம்ம ரெண்டு பேருக்கும் மறுபடியும் அடுப்படிதான்" என்றாய். முகம் செத்துப்போயிருந்தது. பிறகு விதிகளை முதலிலிருந்து திறந்தாய்.

"தெரியாததுல ஜாக்கிரதையாத்தான்டி இருக்கோம். நல்லாத் தெரியும்னு நெனக்கிறதுலதான் கோட்டை உட்டுடுறோம். இனிமே அதையும் மஞ்சள்ல போடு."

கணக்கு பிழைத்தது. நீ போய்விட்டாய். இப்போது தனியாகத்தான் செய்கிறேன். கேட்க ஆளில்லாவிட்டாலும் விதிகளைச் சத்தமாகச் சொல்கிறேன். அத்தை டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். அவரோடு வாக்குவாதம் வந்தால்கூட, எனக்குத்தான் தெரியும் என்று தோன்றிய உடனே வாயை மூடிக்கொண்டு டீ போடப் போய்விடுகிறேன்.

இன்று காலை வந்த படத்தில் எந்த ஊரோ ஒரு தெரு. நடுவே சாமந்தியும் ரோஜா இதழும் பொரியும் சிதறிக் கிடந்தன. பார்த்ததும் தெரிந்துவிட்டது, சாவு ஊர்வலம் போன தெரு. உன்னைக் கொண்டுபோன அன்று நான் தெருமுனையோடு நின்றுவிட்டேன். ஒதுங்கி நின்ற டவுன் பஸ், ஊர்வலம் முனை திரும்பி மறைந்ததும் உன் பூவின் மேல் ஏறிப் போனது. "கொஞ்சம் பொறுத்துப் போனா என்னவாம் இவனுக்கு!" என்று அந்த டிரைவரை வாய்விட்டுத் திட்டினேன். அன்று அழுததைவிட அதுதான் நன்றாக நினைவிருக்கிறது.

கை சிவப்புக்குத்தான் போனது. நீ சொன்னபடி மஞ்சளில் ஒதுக்கினேன். டீ குடித்தேன். வந்து விதியைப் பார்த்தேன். பூ, இலை, காகிதம் கிடந்தால் வண்டி போகலாம். பச்சையை அழுத்தினேன். அப்போதுதான் பொட்டு விரலோடு வந்தது.

குளியலறைக் கண்ணாடியில் நீ கழற்றி ஒட்டிய பொட்டுகள் அப்படியே இருக்கின்றன. அதிலிருந்து ஒன்றை எடுக்க மனசு வரவில்லை. கடைக்குப் போய்ப் புதிய பொட்டு அட்டை வாங்கி வந்து, விசையில் வேறு பச்சை ஒட்டினேன். பழையதைத் தண்ணீர் தொட்டுக் கண்ணாடியில் உன்னுடையவற்றின் பக்கத்தில் வைத்தேன். விழாமல் நிற்கிறது.