தூதர் விருந்தை மறுத்த காரணம்

மழை பொய்யாதாக, ஏரிகள் நிறைவதாக. நெடுங்கரை நாடாளும் தித்தவேள் பெருமகனார் திருமுன்பு, வெண்குன்றத்து அரசி இளவெயினியார் ஆணையால் அமைச்சன் கீரங்கண்ணன் வணங்கி விடுக்கும் ஓலை.

எங்கள் தூதர் பொதியன் சாத்தனார் தங்கள் விருந்தைத் தொடாது எழுந்ததை அவமதிப்பாகக் கொண்டு, ஆற்றுநீர் உடன்படிக்கைக்குத் தாங்கள் முத்திரையிட மறுத்தீர் என அறிந்தோம். நடந்ததைக் கேட்டருள்க.

இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சாத்தனார் ஏழு அரசவைகளுக்குத் தூது சென்றவர். போன இடமெல்லாம் விருந்து. இலையில் மிச்சம் வைத்தால் பகை மூளுமோ என்று அஞ்சி, நெய்ச்சோற்றையும் உப்புக்கண்டத்தையும் பசியின்றியே உண்டார். மெலிந்த உடலோடு தூது தொடங்கியவர், பிறர் கைகொடுக்காமல் எழ இயலாதவரானார். நாட்டுக்காக வெட்டுப்பட்டவருக்கு நடுகல் நடுகிறோம். நாட்டுக்காக உண்டவரை ஒருவரும் எண்ணவில்லை.

சென்ற தைத் திங்களில் எங்கள் அவையிலேயே தலைசுற்றி விழுந்தார். மருத்துவர் பெருங்கொற்றியார் நாடி பார்த்து, உடல் பருக்கப் பருக்க நெஞ்சின் உழைப்பு கூடுகிறதென்றும், குருதி தன் நாளங்களை ஓயாமல் முட்டுகிறதென்றும், வலி தெரியாததால் நோயே இல்லையென்று இருந்துவிட்டாரென்றும், இப்படியே போனால் ஒருநாள் கையோ நாவோ முடங்குமென்றும் சொன்னார். எடை சிறிது இறங்கினாலும் குருதியின் அழுத்தம் தணியும் என்றார். உப்பையும் நெய்யையும் குறைத்து நாள்தோறும் நடக்கச் சொன்னார். “உண்பதுதானே அம்மா என் தொழில், அதையா விடச் சொல்கிறீர்கள்?” என்று சாத்தனார் களைத்த குரலில் கேட்டார்.

பிறகு அரசியாரிடம் ஓய்வு வேண்டினார். ஆற்றுவழக்கை அவரன்றி அறிந்தவர் இல்லாமையால், இந்த ஒரு தூது மட்டும் என்று அரசியார் அனுப்பினார். மருத்துவர் சொற்படி மூன்று திங்கள் நாள்தோறும் நடந்து, எடை குறைந்து, நாடி சற்றே தணிந்த நிலையில் தங்கள் அவைக்கு வந்தார். நோயைச் சொன்னால் நாட்டையே தளர்ந்ததென எண்ணுவீரோ என்று கூசி, கைகூப்பி எழுந்துவிட்டார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதற்கே அலுப்பாக இருந்தது” என்று திரும்பி வந்து என்னிடம் வருந்தினார். பிழை அந்த மௌனமே, பொறுத்தருள்க.

இவ்வோலையையும் அவரே கொண்டுவருகிறார். அவர்முன் உப்பில்லாக் கஞ்சி ஒரு கலயம் வைத்து, அவர் உண்டபின் உடன்படிக்கைக்கு முத்திரையிட வேண்டுகிறோம். இனி எந்த அவைக்கும் அவர் தூது செல்ல வேண்டியதில்லை என்பது அரசியாரின் ஆணை. அதை அவருக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. முத்திரை இட்டதும் தாங்களே சொல்லி, அவரை வீட்டுக்கு அனுப்பி வைப்பீராக.

வெண்குன்றத்து அரச இலச்சினை பொறித்தது.