தண்ணீர் குடிக்காத உனக்கு

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். ஏழு மாத வயிறு. பையைப் போட்டுவிட்டுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். அவள் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் போனேன், கையில் ஒரு சின்ன பாட்டில் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்தேன். விளக்கெண்ணெய். அந்த வாடை மூக்கில் ஏறியதும், தேயிலைத் தோட்டத்து இதே லய வீட்டு வாசலில் நின்று நீ போட்ட சத்தம் காதில் விழுந்தது. நீ மண்ணுக்குள் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் சத்தம் மட்டும் போகமாட்டேன் என்கிறது, சண்டாளி.

"இதை யாருட்டி குடுத்தா?" என்றேன்.

"அவுக அம்மாதான். ராத்திரி ஒரு மூடி குடிச்சா காலையில சரியாயிரும்னாவ." அழ ஆரம்பித்துவிட்டாள். "நாலஞ்சு நாளா வெளிக்கே போகலம்மா. முக்குனா ரத்தம் வருது. உக்கார முடியல."

பாட்டிலைக் கொண்டுபோய் வாசல் சாக்கடையில் கவிழ்த்தேன். அன்று எனக்காக நீ கவிழ்த்த அதே சாக்கடை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் ஆத்திரம் என்று கேட்பாய். பொறு, ஒவ்வொருத்தராக வருகிறேன். அந்த வரிசையில் நீயும் நிற்கிறாய்.

இவள் என் வயிற்றில் இருந்தபோது நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து கிள்ளினோம். காலையில் பால் இல்லாமல் ஒரு தம்ளர் கட்டன்சாயா. அதோடு சரி. சாயங்காலம் லயத்துக்குத் திரும்பும்வரை எந்தப் பெண்ணும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடம் கிடையாது. தேயிலைச் செடி இடுப்பு வரைக்கும்தான் மறைக்கும். மேலே ரோட்டில் ஜீப் போகும், கீழே சூப்பர்வைசர் நிற்பார், உட்கார்ந்தால் அட்டை ஏறும். அதனால் வாயைக் கட்டிக்கொண்டோம். அதைச் சாமர்த்தியம் என்று வேறு பேசிக்கொண்டோம். "நான் ஒரு சொட்டு குடிக்காம அந்தி வரைக்கும் நிப்பேன்" என்று பெருமையடித்தவர்கள் நம் கூட்டத்தில் எத்தனை பேர்!

பிள்ளைத்தாய்ச்சிக்கும் அதே சட்டம்தான். டிஸ்பென்சரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அந்தக் கட்டன்சாயாவிலேயே போட்டு விழுங்கினேன். வீட்டில் என் மாமியார், தண்ணீர் குடித்தால் கால் வீங்கும் என்று செம்பை எடுத்து ஒளித்துவைப்பார். வயிறு கல்லாகாமல் என்ன செய்யும்? ஆனால் வாய் திறந்து சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. வாந்தி என்றால் சொல்லலாம், முதுகு வலி என்றால் சொல்லலாம். இதைப் போய் யாரிடம் சொல்ல?

நீதான் கண்டுபிடித்தாய். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏளா, என்ன, முள்ளு மேல உக்காந்துட்டு வந்தவ மாதிரி நிக்க? வெளிக்குப் போச்சா இல்லியா?"

அத்தனை பேர் முன்னாலும் கேட்டாய். நான் தலையைக் குனிந்தேன். "மெதுவா பேசு, மானம் போகுது" என்று கெஞ்சினேன். "போக வேண்டியது போகாம கெடக்கு, மானம் போனா என்னளா?" என்றாய். கூடைகள் எல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. எனக்கு உன்னை அறைய வேண்டும் போலிருந்தது.

அன்று சாயங்காலம் மாமியார் கிண்ணத்தில் விளக்கெண்ணெயோடு நின்றார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயருகே கொண்டுபோய்விட்டேன். எங்கிருந்தோ பாய்ந்து வந்தாய். கிண்ணத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினாய்.

"என் புள்ள போனது போதாதா? இவ புள்ளையும் போகணுமா?"

லயமே வெளியே வந்துவிட்டது. உனக்கு ஒரு பிள்ளை வயிற்றோடு போனது எனக்குத் தெரியும், எப்படிப் போனது என்று அதுவரை தெரியாது. இதே எண்ணெயைக் குடித்துவிட்டுப் படுத்த உனக்கு, விடிவதற்குள் மாதம் நிறையாமல் வலி கண்டுவிட்டது. மலை இறங்கும் ஜீப்பிலேயே எல்லாம் முடிந்துபோனது. எண்ணெயால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, ஆனால் மாசமாக இருப்பவளுக்கு அதைக் கொடுத்திருக்கவே கூடாது என்றார். இதைச் சொல்லிவிட்டு நீ அழவில்லை. என் மாமியாரிடம் திரும்பி, "செம்பை எடுங்க அத்தை, அவ தண்ணி குடிக்கட்டும்" என்றாய். அவரும் எடுத்துக் கொடுத்தார், உன் முகத்தைப் பார்த்தபின் யார்தான் கொடுக்கமாட்டார்கள்?

மறுநாள் என்னை டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாய். "வெள்ளம் நல்லா குடிக்கணும், கேட்டோ?" என்றார் மலையாள நர்ஸ். தண்ணீரைத்தான் அவர் வெள்ளம் என்பார். மாத்திரையை நிறுத்தாதே, சாயாவோடு மட்டும் விழுங்காதே, முக்காதே என்றார். போதாதா உனக்கு? அன்றையிலிருந்து என் உயிரை வாங்கினாய். எழுந்ததும் வெதுவெதுப்பாக ஒரு செம்புத் தண்ணீர். ஊறவைத்த உலர்ந்த திராட்சை, ஊறின தண்ணீரோடு. கனிந்த பூவன்பழம். உன் வீட்டுப் பின்னால் படர்ந்த சௌசௌவும் கீரையும் என் வீட்டு உலையில்தான் வெந்தன. அந்தியில் கோயில் வரைக்கும் நடக்கவிட்டாய். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன். "வையிளா, நல்லா வையி. வாய் அசைஞ்சா வயிறும் அசையும்" என்பாய். அப்படி ஒரு வைத்தியத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை.

தண்ணீர் குடித்தால் ஆயிற்றா? தேயிலைக் காட்டில் போக இடம் வேண்டுமே. அதற்குத்தான் அந்தப் படுதா. கிழிந்த நீலப் படுதா ஒன்றை எங்கோ கேட்டு வாங்கி, இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே கட்டினாய். குழி நீயே வெட்டினாய். சூப்பர்வைசர் வந்து, "கம்பெனிக் காட்டுல என்ன இது கூடாரம்? அவுத்துப் போடுங்க" என்று கத்தினார். நீ கும்பிட்டபடி, ஆனால் மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னாய்.

"மாசமா இருக்க புள்ளைக்கு வெளிக்கு வருதுங்கய்யா. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிடுங்க."

அவர் திரும்பினார், அப்படியே நடந்தார், அன்று முழுக்க அந்தப் பக்கம் வரவில்லை. அந்த வாரமே எனக்கு வயிறு இளகியது. படுதாவை விலக்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு குலவை போட்டாயே, பாவி! கல்யாணத்துக்குக்கூட நீ அப்படிக் குலவை போட்டதில்லை. எல்லாரும் சேர்ந்து போட்டார்கள். வெட்கமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன எனக்கு.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக, எந்தக் காட்டுக்குப் போனாலும் அந்தப் படுதா உன் கூடையில் வந்தது. ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். நீ செடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு வெளியே காவல் நின்றாய். "போளா, பயப்படாத, நான் நிக்கேன்" என்றாய். எல்லாருக்கும் உன் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாய்.

இப்போது சொல். காவல் நின்ற நீ எப்போது உள்ளே போனாய்? ஊற்றிக் கொடுத்த நீ எப்போது குடித்தாய்? நான் எத்தனையோ தடவை கேன் மூடியில் ஊற்றி நீட்டியிருக்கிறேன். "கடைசியில குடிக்கேன்" என்பாய். உனக்கு அந்தக் கடைசி வரவே இல்லை.

கடைசியில் வந்தது காய்ச்சல்தான். குளிரில் நடுங்கினாய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். கேட்டால், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு டாக்டர் சொன்னார், மூத்திரத்தில் கிருமி தொற்றி, சிறுநீரகத்துக்கு ஏறி, ரத்தம் வரைக்கும் பரவிவிட்டது என்று. எரிச்சல் இருந்திருக்குமே, வலி இருந்திருக்குமே, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவர் எங்களைத் திட்டினார். நான் உன் காதருகே குனிந்து அதையே கேட்டேன்.

"வெக்கமா இருந்துச்சுளா" என்றாய்.

வெட்கமா? உனக்கா? என் வயிற்றுச் சங்கதியை மலைக்கு மலை எதிரொலிக்க வைத்த உனக்கா? சூப்பர்வைசரைத் திரும்பி நிற்கச் சொன்ன வாய்க்கா? அந்த ஒரு சொல்லை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றவள் உடம்பென்றால் ஊரைக் கூட்டுவாய், உன் உடம்பென்றால் முந்தானைக்குள் மூடிவைப்பாய். இது என்ன நியாயம்? உன்னைப் புதைத்த அன்று எல்லாரும் அழுதார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அழுதால் உன்னை விட்டுவிட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

மகள் கதைக்கு வருகிறேன். ரத்தம் என்று சொன்ன பிறகு நான் கை வைத்தியத்தோடு நிற்கவில்லை. திங்கட்கிழமை முதல் ஜீப்பில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பிள்ளை நன்றாக இருக்கிறது, மூலம் வெடித்திருக்கிறது என்றார். வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்காத ஒரு மருந்து எழுதினார். "தண்ணி எவ்வளவு குடிக்கிறே?" என்று கேட்டார். இவள் என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்து மிரட்டிய பிறகுதான் சொன்னாள். இவள் ரிசார்ட்டில் அறை கழுவுகிறாள். நாள் முழுக்கக் கழுவுவது கக்கூஸ். ஆனால் அதில் ஒன்றில்கூட அவள் உட்காரக் கூடாதாம், எல்லாம் விருந்தாளிக்கு. வேலைக்காரர்களுக்கு இருக்கிற ஒன்று மலைச்சரிவின் அடியில். ஏழு மாத வயிற்றோடு அந்தப் படியில் இறங்கி ஏற முடியாதென்று, தண்ணீரை நிறுத்திவிட்டாள். கூட வேலை செய்கிற பெண்கள்தான் சொல்லிக்கொடுத்தார்களாம், சாமர்த்தியமாக இருக்கச் சொல்லி. வெள்ளைப் பளிங்கில் பத்துக் கக்கூஸுக்கு நடுவே நின்றுகொண்டு என் மகள் அடக்கிக்கொண்டிருக்கிறாள்!

நேரே ரிசார்ட்டுக்குப் போனேன். கையில் உன் தண்ணீர்க் கேன் இருந்தது. உன் புருஷன் எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். "அம்மா, வேண்டாம்மா, மெதுவாப் பேசும்மா" என்று மகள் சேலையைப் பிடித்து இழுத்தாள். மேனேஜர் வந்தார். பக்கத்து மேஜைகளில் வெளியூர்க்காரர்கள் தோசை தின்றுகொண்டிருந்தார்கள்.

"எந்தா சேச்சி, என்ன விஷயம்?" என்றார், தணிந்த குரலில்.

நான் தணியவில்லை. உன் சத்தத்தைத் தொண்டையில் ஏற்றிக்கொண்டு கேட்டேன்.

"மாசமா இருக்க என் மகளுக்கு வெளிக்குப் போகணும் சார். அவ கழுவுற கதவுல எந்தக் கதவைத் திறந்து விடுவீங்க?"

தோசை தின்றவர்கள் திரும்பினார்கள். அவர்களில் ஒரு பெண் எழுந்து மேனேஜரைப் பார்த்தபடி நின்றாள். அவர் முகம் சிவந்து, வரவேற்பறைக்குப் பக்கத்துக் கதவைக் காட்டி, "இது எல்லா ஸ்டாஃபுக்கும்" என்றார். நாளைக்கு மாற்றிச் சொன்னால் நாளைக்கும் வருவேன் என்றேன். மகள் தலை குனிந்தபடி உள்ளே போனாள். நான் கேனை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காவல் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அழுகை வந்தது. நீ விட்டுப்போன சத்தம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, இனி எந்தப் பிள்ளைக்கானாலும் எடுப்பேன். ஆனால் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உனக்கென்று கத்தியிருக்கக் கூடாதா நீ? கவாத்துக் கத்தியோடு நான் நின்றிருப்பேனே.