எதிர்க்கடைச் சிநேகிதி

ஏப்ரல் 9

மொழி தெரியாத வெளிநாட்டு ஊரில் சுற்றுலா பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. நேற்று வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்ட அண்ணிக்கு இன்று குடல்வால் ஆபரேஷன். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அவருக்கும் எனக்கும் கல்யாண நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். இவருக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு நான்.

வார்டில் துணைக்கு யாரும் இருக்கக் கூடாதாம். நர்ஸ் வாசலைக் காட்டியதில் புரிந்தது. பெட்டியோடு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தேன். மொழிபெயர்க்கச் சொன்னால் செல்போன் உளறுகிறது. "தங்க ரூம் வேணும்" என்றேன். திரையைப் படித்த காவலாளி தன் மோதிரத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். பொன்னில் இழைத்த அறை கேட்டிருக்கிறேன்!

எதிரே முடிவெட்டும் கடை. அதை நடத்துகிறவள் சாலையைக் கடந்து வந்து ஏதோ கேட்டாள், விழித்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள்பாட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன் — பெட்டிக்காகத்தான். கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு கட்டில். முன்பின் தெரியாதவளை எப்படி நம்புவது? கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 10

காலையில் இறங்கிப் போனால், முடிவெட்டும் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் படுத்தது அவள் கட்டில். வெட்கமாகப் போய்விட்டது.

என்னோடு அண்ணியைப் பார்க்கவும் வந்தாள். அண்ணி அவளைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து முறைத்தார்.

ஏப்ரல் 12

அண்ணிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். டாக்டர் இறுகிய முகத்தோடு ஏதோ நீளமாகச் சொன்னார். கட்டிலோடு எங்கேயோ தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எங்க? எதுக்கு? ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்களே! ஏதாவது ஆச்சுன்னா இவர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?

அன்றே, சாயங்காலம்

கடைக்கு ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததுமே கத்திரியைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். பாதி முடிவெட்டிய தலையோடு நாற்காலியில் இருந்த ஆள், பாவம், எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

திரும்பி வந்தவள் பேசவில்லை, நடித்தாள். பெஞ்சில் படுத்து முனகினாள். காயத்தைத் திறந்து கழுவித் தைப்பதுபோல் காட்டினாள். நெற்றியில் கைவைத்து, சூடு இறங்குவதுபோல் கையை மெல்லத் தாழ்த்தினாள். அப்புறம் எழுந்து உட்கார்ந்து, உதட்டைச் சுழித்து, என்னைப் பார்த்து முறைத்தாளே ஒரு முறைப்பு — அச்சு அசல் அண்ணி! பாதித் தலைக்காரர் கைதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதுவே அழுகையாகிவிட்டது. அவள் தோளில் சாய்ந்து அழுதேன்.

அண்ணி பொழச்சுட்டாங்க. அந்த முறைப்புக்கு இப்படிச் சந்தோஷப்படுவேன்னு யாரு கண்டா?

ஏப்ரல் 17

அண்ணியை வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார்கள். நாளை விமானம்.

படுத்தே கிடந்ததில் அண்ணியின் தலை சிக்குப் பிடித்துப்போயிருந்தது. சிநேகிதி அவரைத் தன் கடைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, வெந்நீரில் அலசி, நுனியிலிருந்து பொறுமையாகச் சிக்கெடுத்தாள். அவள் அவள் பாஷையில் பேச, அண்ணி தமிழில் பேச, இரண்டு பேருக்கும் வாய் ஓயவில்லை. பின்னால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது.

"பஸ்ஸுல எல்லாரும் போயிட்டாங்கம்மா. இவளும் போயிருக்கலாம். நான் இவளப் படுத்தின பாட்டுக்கு வேற ஒருத்தியா இருந்தா திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டா. என் தம்பி குடுத்து வெச்சவன்."

அவள் "ம்" கொட்டிக்கொண்டே சீவினாள். நான் மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

ஆகஸ்ட் 3

எதிர்க்கடைச் சிநேகிதி அடுத்த மாதம் இங்கே வருகிறாளாம். வீடியோவில் காலண்டரைத் தொட்டுக் காட்டி, கையை விமானமாகப் பறக்கவிட்டுச் சொன்னாள். யார் வீட்டில் தங்குவது என்று காலையிலிருந்து எனக்கும் அண்ணிக்கும் தகராறு. வேலை முடிந்து வந்த இவர், பழைய பயத்தில் செருப்பை மறுபடி மாட்டப் பார்த்தார்.

"சரி, அவ இங்கயே தங்கட்டும்" என்றார் அண்ணி கடைசியில். "நானும் இங்க வந்துடறேன்."

இவர் என் முகத்தையே பார்த்தார்.

நான் இன்னொரு தலையணைக்கு உறை தேடப் போனேன்.