உயரமாக எழுந்த கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மாவின் முட்டிவலி வழக்கம்போல, என் வாயும் வழக்கம்போல. போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள், அதனால்தான் கடிதம்.

கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து உன் தம்பிக்கு முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து மரக்கட்டை மாதிரி கிடந்த கால்கள், கொஞ்ச நாளாகத் தானாகத் துடிக்கின்றன என்று உனக்குச் சொன்னேன் அல்லவா. உனக்கு மட்டுமா சொன்னேன், ஊருக்கே தம்பட்டம் அடித்தேன். பாதத்தைப் பிடித்துச் சட்டென்று மேலே தள்ளினால் கால் தடதடவென்று அடித்துக்கொள்ளும். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம், வித்தை காட்டுகிறவன் மாதிரி, போர்வையை விலக்கிச் செய்து காட்டினேன். கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் கைகூடத் தட்டினார். தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அந்தத் துடிப்பை அளந்தார்கள். கெண்டைக்காலில் ஒயர்களை ஒட்டி, சின்னச் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினார் பிசியோதெரபி அம்மா. ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் ஒரு கோடு எழும்பியது. பாதத்தைத் தள்ளியபோது கோடுகள் திரையின் மேல்விளிம்பைத் தொட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. பையன் முதல் மார்க்கா என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டினால் எல்லோருக்கும்தான் கால் உதறும், ஆனால் போதும் நிறுத்து என்று மூளை சொல்லும், இவருக்கு அந்தச் சொல் அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழே போகவில்லை, அதனால்தான் கால் நிற்கத் தெரியாமல் அடித்துக்கொள்கிறது, இது அவர் அசைப்பது இல்லை என்றார். துடிப்பை அடக்க மருந்து தருவார்களாம், அது வேலை செய்தால் கோடு சிறிதாகுமாம். நான் தினமும் எது பெரிதாக வேண்டும் என்று வேண்டினேனோ, அது இனிக் குறைய வேண்டுமாம். நடப்பானா என்று கேட்டேன். அதற்கான அறிகுறி எதையும் இதுவரை பார்க்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் தம்பிதான் பேசினான். எனக்கு முதல் நாளே தெரியும்பா, நான் அசைச்சா எனக்குத் தெரியாதா, உங்க முகத்தைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது என்றான். பாப்பா, எனக்காகத்தான் அத்தனை பேர் முன்னாலும் காலை நீட்டிக்கொண்டு கிடந்திருக்கிறான்.

வாசலில் உன் அம்மா ஓடி வந்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். கோடு பெரிசா வந்தது என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. உடனே எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் படியிறங்கிப் போனாள், முட்டிவலியோடு. தம்பி என்னைப் பார்த்தான்.

நீங்கள் இருவரும் நலமாக இருங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். போனில் அம்மா கால் ஆடுகிறது என்று பூரித்தால், இப்போதைக்குச் சரி என்று கேட்டுக்கொள். அவளிடம் தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தம்பி எழுந்து நிற்கும் நாளில் வருவதற்கென்று லீவைச் சேர்த்து வைத்திருக்கிறாயே, அந்த நாளுக்குக் காத்திருக்காதே பாப்பா. இப்போதே வா.

உன் அப்பா