இடது கைக்கு அம்மாவின் சோப்பு

முடிச்சூர்,
சனிக்கிழமை மாலை

கர்த்தருக்குள் அன்பான மகள் பிளஸ்ஸிக்கு,

உன் தகப்பனாகிய சுந்தர்சிங் என்னும் நான் இக்கடிதத்தை எழுதும் நோக்கம், உன் அம்மா செய்த சோப்பைக் குறித்தும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அதைப் பற்றி நான் சொன்னதைக் குறித்தும் நீ யார் வாயிலாக எதைக் கேள்விப்பட்டிருந்தாலும், நடந்ததை நடந்தபடி உனக்குத் தெரிவிப்பதே. நீ சுகமாயிருக்கிறாய் என நம்புகிறேன், வின்னிபெக்கில் பனி விழத் தொடங்கிவிட்டது என்று செய்தியில் பார்த்தேன், காதை மூடாமல் டியூட்டிக்குக் கிளம்பாதே. இங்கே தேவ கிருபையால் நானும் அம்மாவும் உடலளவில் சுகம். உடலளவில் என்று வரையறுத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு, பண்டிகைக்குப் பிறகு அம்மா என்னோடு பேசுவது சாப்பாடு வைத்திருக்கிறது, கேஸ் வந்திருக்கிறது என்ற அளவில் நின்றுவிட்டது. இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். குடும்பக் குழுவில் நான் எதை எழுதினாலும் உன் பெரியப்பா உடனே கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிடுகிறார், அதன் பிறகு அந்தப் பொருள் குறித்து யாரும் வாய் திறப்பதில்லை. ஆகவே, நாளை இரவு உன் ஊருக்கு மேற்படிப்புக்காக விமானம் ஏறுகிற ஊரப்பாக்கம் ஜென்சியிடம் இந்த உறையைக் கொடுத்தனுப்புகிறேன். உறையோடு சோப்பும் வருமா என்பது இதை எழுதும் இந்த நிமிடம் வரை முடிவாகவில்லை, அதுதான் இந்த வீட்டின் இன்றைய கவலை.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். போன குளிர்காலம் முழுவதும் நீ வீடியோ அழைப்பில் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டே பேசினாய், நான் அதைக் கவனிக்கவில்லை, அம்மா கவனித்தாள். "கையைக் காட்டுடி" என்று அவள் அதட்டியதும் நீ காட்டினாய், விரல் மடிப்பெல்லாம் வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. ஆஸ்பத்திரி வேலையில் ஓயாமல் கை கழுவுகிறேன், ஊரும் குளிர், வேறென்ன செய்ய என்று நீ சிரித்தாய். நீ போனை வைத்த பிறகு அம்மா வெகு நேரம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதன் விளைவாகத்தான் பெரும்பாக்கத்தில் வேதா என்னும் பெண்மணி நடத்தும் குளிர்முறை சோப்பு வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல் செய்வதால் குளிர்முறை என்று பெயரே தவிர, உள்ளபடி அதில் குளிர்ச்சி ஏதும் இல்லை, காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போது பாத்திரத்தைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறுகிறது. தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும், காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, ஊற்றினால் பொங்கித் தெறிக்கும் என்று முதல் வகுப்பு முடிந்து வந்த அன்றே அம்மா சொன்னாள். விதிவிலக்கில்லாத விதி ஒன்றைப் பல வருடங்களுக்குப் பிறகு கேட்டதில் எனக்கு அந்தக் கலையின் மேல் மரியாதை உண்டாயிற்று. அந்த மரியாதையோடு நானும் ஒரு விதி சேர்த்தேன், கண்ணுக்கும் முகத்துக்கும் பாதுகாப்பு இல்லாமல் நம் வீட்டில் அந்தக் காரத்தைக் கரைக்கக் கூடாது என்றேன். அவள் கையுறை மாட்டிக்கொண்டு, என் ஹெல்மெட்டையும் போட்டு கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, சமையலறையில் நின்று கிளறினாள். கூரியர் கொண்டுவந்த பையன் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டான். மறுவாரமே தகுந்த கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய், இவற்றோடு ஆறிய காரநீரைச் சேர்த்து மோர்க்குழம்புப் பதம் வரும்வரை கிளறி அச்சில் ஊற்றி, இறுகிய பிறகு வில்லைகளாக அறுத்து, ஆறு வாரம் காற்றாடக் காயவைக்க வேண்டும். காயும் காலத்தில் ஈரம் வற்றி வில்லை இறுகுகிறது, நுரையும் மிருதுவாகிறது. காயவைத்த இடம் உன் அறையின் மேல் தட்டு. வெள்ளத்துக்குப் பிறகு நாம் மதிப்புள்ள எதையும் இடுப்புக்குக் கீழே வைப்பதில்லை அல்லவா, வீட்டுப் பத்திரத்துக்கு அருகிலேயே உன் சோப்பும் வரிசையாக நின்றது.

இனி, காணிக்கையாக வந்த பொருள்களைச் சபையில் கூவி விற்கும் அந்த ஏலம். முதல் முறை செய்ததில் பாதி ஆண்டவருக்கு, பாதி பிளஸ்ஸிக்கு என்று அம்மா பொருத்தனை பண்ணியிருந்தாள். பண்டிகையோ சோப்பு காய்ந்து முடியுமுன் வந்துவிட்டது. இன்னும் பயன்படுத்தத் தகுதியாகவில்லையே என்று வீட்டிலேயே சொன்னேன், "காயணும்னு ஆண்டவருக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, வில்லைகளை வாழை இலை பரப்பிய தாம்பாளத்தில் அடுக்கி எடுத்துக்கொண்டாள். சபைக் கமிட்டியின் செயலர் நான் என்பதும், ஏல விதிகளை எழுதியவன் நான் என்பதும் உனக்குத் தெரியும். ஏலத்துக்கு வரும் எந்தப் பொருளும் அன்றைய தினமே பயன்படுத்தத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று, வில்பிரட் சார் நல்ல விலைக்கு எடுத்த கேக் நடுவில் மாவாக இருந்த ஆண்டில் சேர்த்தது. வழக்கம்போல் டேனியல் அண்ணன்தான் ஏலம் விட்டார். தாம்பாளத்தைத் தலைக்கு மேல் தூக்கி, "யூனிஸ் அக்கா கையால செஞ்ச சோப்பு, நம்ம பிளஸ்ஸி பாப்பா கைக்காக செஞ்சது, வாங்குறவங்க கை பச்சக் கொழந்த கை மாதிரி ஆய்டும்" என்று கூவினார். செல்வமேரி அக்காவும் வில்பிரட் சாரும் விட்டுக்கொடுக்காமல் ஏற்றினார்கள், பாஸ்டர் ஐயாவே ஒரு முறை கை தூக்கிவிட்டு, தனக்கு வழுக்கைதானே, எந்தத் தலைக்குப் போட என்று இறக்கிக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உன் அம்மா முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள், அவள் செய்த ஒரு பொருளுக்காக ஒரு கூட்டம் போட்டி போடுவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போதுதான் நான் எழுந்தேன். என் வீட்டுப் பொருள் என்பதற்காக நான் பேசாமல் இருந்தால் நாளைக்கு மற்ற வீட்டுப் பொருளுக்கு எப்படிப் பேசுவேன் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. இந்தச் சோப்பு காஸ்டிக் சோடா சேர்த்துச் செய்யப்பட்டது, இன்னும் காய்ந்து முடியவில்லை, எனவே விதிப்படி இன்று பயன்படுத்தத் தக்கதன்று என்றேன். டேனியல் அண்ணன் தாம்பாளத்தை இறக்காமலே என்னைப் பார்த்து, "சார், போன வருசம் தென்னங்கன்னு ஏலம் வுட்டோமே, அத்த எடுத்தவரு அன்னிக்கே எளநி குடிச்சாரா இன்னா?" என்று கேட்டார். கோவில் முழுவதும் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு அடங்குமுன் செல்வமேரி அக்கா, "ஐயய்யோ, காஸ்டிக் சோடாவா, அது பாத்ரூம் அடைப்புக்கு ஊத்துறதாச்சே, நல்லவேளை தம்பி சொன்னீங்க" என்று கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார், அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. அம்மா எழுந்து வந்தாள், டேனியல் அண்ணன் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். காணிக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போன முதல் ஆள் நம் சபையில் அவள்தான், அதற்கு மட்டும் நான் விதி எழுதி வைத்திருக்கவில்லை.

அதன் பிறகு அவள் சோப்பு செய்யவில்லை. அச்சுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். ஜென்சியின் அம்மா போன் செய்து, பெட்டியில் இடம் இருக்கிறது, பிளஸ்ஸிக்குச் சோப்பு தருகிறாயா என்று கேட்டபோது, "அவரே சபை நடுவுல விஷம்னு சொல்லிட்டாரு, பெத்த பிள்ளைக்கு எப்படிங்க அனுப்புறது?" என்று பதில் சொன்னாள். விஷம் என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. அதை அவளிடம் தெளிவுபடுத்தப் போனேன், "நீங்க சொல்லலங்க, எல்லாரும் கேட்டாங்க" என்றாள். எனக்கு அந்த இரவு உன் கைகள் நினைவுக்கு வந்தன. அந்தத் தட்டில் நின்றவை உன் கைகளுக்காகச் செய்யப்பட்டவை, என் ஒரு வாக்கியத்தால் அவை அங்கேயே நின்றுவிடும்.

வாக்கியத்தால் கெட்டதைச் சான்றினால் சரிசெய்யலாம் என்று முடிவெடுத்தேன். சோப்பு காய்ந்து முடியும்வரை காத்திருந்து, மேல் தட்டிலிருந்து ஒரு வில்லையை எடுத்தேன். சோப்பு செய்கிறவர்கள் அதை நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பார்களாம், காரம் மிஞ்சியிருந்தால் பேட்டரியைத் தொட்டதுபோல் சுரீரென்று இருக்குமாம். தொட்டேன், சோப்பைத் தின்றதுபோல் இருந்தது, அவ்வளவுதான். அலுவலகக் கோப்புத் தூசியில் என் கைகளும் அடிக்கடி வெடிக்கும் என்பது உனக்குத் தெரியும். எனவே இடது கைக்கு அம்மாவின் சோப்பு, வலது கைக்குக் கடைச் சோப்பு என்று வகுத்துக்கொண்டேன். சொல்வது எளிது, மகளே, மனிதனுக்கு ஒரு கையைக் கழுவ மறு கை வேண்டும் என்பதை நான் அதற்கு முன் சிந்தித்ததில்லை. ஆகவே இடது கையைக் கழுவும்போது வலது கையில் பால் பாக்கெட் கவரை மாட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொள்வேன், வலது கையின் முறை வரும்போது கவர் இடது கைக்கு மாறும். குளிக்கும்போதும் அப்படியே. அலுவலகத்தில் ராகவேந்திரா, "என்ன சார், சோப்பு டப்பா ரெண்டு, கவர் ஒண்ணு, ஏதாவது பரிகாரமா?" என்று கேட்டார். நாங்கள் பரிகாரம் செய்வதில்லை என்றேன், "அப்போ வீட்ல பிரச்சினை" என்று தாமாகவே சரியான முடிவுக்கு வந்துவிட்டார்.

ஒரு காலை நான் குளித்துக்கொண்டிருக்கையில் கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் கேட்டது. "ஏங்க, உள்ள என்னங்க தினமும் பாலித்தீன் சத்தம்?" என்றாள். ஆய்வு என்றேன். "கதவைத் திறங்க" என்றாள். துண்டைக் கட்டிக்கொண்டு திறந்தேன், ஒரு கை முழுவதும் நுரை, மறு கையில் கொழுப்பு நீக்கிய பால் கவர். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கவரைப் பார்த்தாள், தொட்டிமேல் இருந்த தன் சோப்பைப் பார்த்தாள். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. நான் இரண்டு கைகளையும் துடைத்து அவள் முன் நீட்டினேன். வலது கையில் கணுக்களில் வெள்ளைக் கோடுகள், இடது கை மிருதுவாக இருந்தது, அவளே விரலால் தடவிப் பார்த்தாள். கிளிசரின் உள்ளேயே தங்கிவிடுவதாலும், காரத்தைச் சற்றுக் குறைத்துப் போடுவதால் கொஞ்சம் எண்ணெய் எண்ணெயாகவே மிஞ்சுவதாலும் கழுவிய தோல் இழுத்துப் பிடிப்பதில்லை என்று, அவளுக்கே தெரிந்ததை அவளுக்கு விளக்கினேன். ஓர் ஆள், ஓர் இடது கை, எது எந்தக் கை என்று எனக்கே தெரியும், எனவே இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன், சாட்சி என்று சொல்லலாம் என்றேன். "அந்தச் சாட்சியைக் குளியலறையில சொன்னா போதுமா? சபை நடுவுல கெட்டதை சபை நடுவுலயே சரி பண்ணுங்க, அப்புறந்தான் பெட்டியில வைப்பேன்" என்றாள்.

இதில்தான் நான் இத்தனை நாளும் தடுமாறினேன். நான் சொன்னது பொய்யன்று, அன்று அந்தச் சோப்பு தகுதியாகவில்லை, உண்மையை எப்படித் திரும்பப் பெறுவது? யோசித்துப் பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. இன்று தக்கதன்று என்று சொன்னவன், காய்ந்தபின் இது தோலுக்கு நல்லது, என் மகளுக்காகச் செய்தது, நம்பி எடுங்கள் என்றும் சொல்லியிருக்க வேண்டும். டேனியல் அண்ணனின் கேள்வியில் சிரிப்பு எழுந்ததும் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டேன். பாதி வாக்கியத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆகவே திரும்பப் பெறுவதற்கு ஒன்றும் இல்லை, முடிக்க வேண்டியது இருக்கிறது. பாஸ்டர் ஐயாவிடம் நாளை அறிவிப்பு வேளையில் அனுமதி வாங்கியிருக்கிறேன். டேனியல் அண்ணன் காதுக்கும் விஷயம் போய்விட்டது, "ரெண்டு கையையும் தூக்கிக் காட்டணும் சார், வரிசைல வந்து தொட்டுப் பாப்போம்" என்று நிபந்தனை போட்டிருக்கிறார், ஒப்புக்கொண்டேன்.

உனக்குச் சில வார்த்தைகள். சோப்பு வந்தால் முதலில் முழங்கை மடிப்பில் போட்டுப் பார், ஒரு நாள் பொறுத்து எரிச்சல் இல்லை என்றால் மட்டும் கைக்குப் போடு. தண்ணீர் வடியும் தட்டில் வை, இல்லாவிட்டால் கூழாகிவிடும். இது சோப்பு, மருந்தல்ல, டாக்டர் எழுதிய களிம்பை நிறுத்தாதே, கை கழுவியதும் ஈரம் காயுமுன் அதைப் பூசு. அறைத்தோழி கேட்டால் ஒன்று கொடு, அம்மாவுக்கு அது பிடிக்கும். ஜென்சி புது இடத்தில் திணறுவாள், முதல் ஞாயிறு கோவிலுக்கு அழைத்துப் போ. இரவு டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

இந்த உறையோடு சோப்புப் பொட்டலமும் உன் கைக்கு வந்திருந்தால், நாளை நான் சொன்னது அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது என்று அறிந்துகொள். உறை மட்டும் வந்திருந்தால், அடுத்த ஞாயிறும் எழுந்து நிற்பேன், அதற்கடுத்த ஞாயிறும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைகளின் வேலையையும் அந்தக் கைகளையும் ஆசீர்வதிப்பாராக. களிம்பை மறக்காதே.

அம்மா இப்போது சமையலறையில் தனியாக இருக்கிறாள். நாளை சபையில் சொல்லவேண்டிய வாக்கியத்தை, எழுந்துபோய், முதலில் அவளிடம் முழுவதுமாகச் சொல்லப் போகிறேன்.

உன் அன்புத் தகப்பன்,
சுந்தர்சிங்