உங்கள் பல் பதிந்த ரொட்டி

வால்தம்ஸ்டோ, 2009 ஆடி

இஞ்சேருங்கோ,

நீங்கள் கடித்துவிட்டுப் போன ரொட்டி ஒன்று முந்தநாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, சமர்கந்திலிருந்து. தட்டளவு வட்டம், நடுவில் அச்சுக் குத்திய பூ, தொங்கவிடுவதற்கு ஒரு நூல். கல்லாகக் காய்ந்திருந்தது. ஓரத்தில் உங்கள் பல். முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் உங்களுக்குச் சற்று உள்ளே போயிருக்கும் அல்லவா, அந்த வளைவுகூட அப்படியே இருந்தது. இத்தனை வருடம் பார்த்த பல் எனக்கு அடையாளம் தெரியாதா?

கொண்டு வந்தவள் தில்னோசா. போன வருடம் அங்கே பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கப் போய், ஒரு தவணை முழுக்க ஒரு வீட்டில் தங்கினீர்களே, அந்த வீட்டுப் பெண். அவளும் அங்கேதான் விரிவுரையாளர். லண்டனில் மாநாடு என்று வந்தவள் முகவரி விசாரித்து வாசலில் வந்து நின்றாள். பயணம் போகிறவர் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவாராம். மிச்சத்தை வீட்டில் ஆணியில் மாட்டி வைப்பார்களாம். போனவர் திரும்பி வந்து அதைச் சாப்பிட்டு முடிக்க வேண்டுமாம்.

"வசந்தத்தில் வருவதாகச் சொல்லித்தான் கடித்தார். அவர் இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் அம்மா அதை எறிய விடவில்லை, வீட்டாரிடம் சேர்க்கச் சொன்னார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

பிறகு படங்கள் காட்டினாள். மெத்தை போட்ட மேடையில் சம்மணம் கட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுவில் ஒரே பெரிய தட்டில் மலைபோலச் சோறு, இறைச்சி, கரட். சுற்றி இருப்பவர்கள் எல்லாருடைய கையும் அந்தத் தட்டுக்குள். உங்கள் கையும். தேநீருக்கும் ஒரே கிண்ணம்தான் கைமாறிப் போகுமாம். உங்களுக்குத் தனிக் கிண்ணம் வேண்டுமா என்று அவள் அம்மா கேட்டபோது வேண்டாம் என்றீர்களாம்.

நீங்கள்! அகப்பையால் தொட்டு உப்புப் பார்த்தால் அந்தக் கறியையே ஒதுக்குகிற நீங்கள். மகள் மெழுகுதிரி ஊதிய பிறந்தநாள் கேக்கை, எச்சில் தெறித்திருக்கும் என்று தொடாத நீங்கள். அந்தப் பெண் முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததுதான் பெரும் பாடு.

என் தம்பி ஜெர்மனியில் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவின வேலையை விட்டு இங்கே வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. பஸ்ஸில் வந்த களைப்பு, இரண்டு பைகள், வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் இருக்கலாம் என்ற எண்ணம். தாகத்தில் உங்கள் மூக்குப்பேணியை எடுத்து வாய் வைத்துக் குடித்துவிட்டான். உதடு படாமல் ஊற்றிக் குடிக்க மூக்கு வைத்த பேணி என்பது, சின்ன வயதிலேயே ஊரைவிட்டு ஓடியவனுக்கு எங்கே நினைவில் நிற்கும்? நீங்கள் அதைக் கடதாசியால் பிடித்துக்கொண்டு போய், வெளியே குப்பைத்தொட்டிக்குள் போட்டீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த பித்தளைப் பேணியை. பிறகு அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"ஊரான்ர எச்சில் கோப்பை கழுவித் திரிஞ்ச ஆள்தானே. உமக்குத் தெரியாதோ?"

நான் போட்ட தேத்தண்ணீர் ஆறிக் கிடந்தது. "அக்கா, நான் வாறன்" என்று பைகளைத் தூக்கினான். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. இதே லண்டனில் பிளேஸ்டோவில் கடை போட்டான், கலியாணம் கட்டினான், நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் செத்தவீட்டுக்குக்கூட மண்டபத்தோடு நின்றுவிட்டுப் போனான்.

சமர்கந்திலிருந்து திரும்பி, தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் பேசினீர்களே. "வீட்டுக்கு வந்தவனை எப்பிடித் தாங்கிறது எண்டு அவையிட்ட எங்கட சனம் படிக்க வேணும்" என்றீர்கள். சனம் கைதட்டியது. நான் முன்வரிசையில் இருந்து உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும், "அப்ப தம்பியை ஒருக்கால் கூப்பிடட்டோ?" என்று கேட்டேன். "அது வேற, இது வேற" என்று கணினியைத் திறந்தீர்கள். அங்கே உங்களைப் பேராசிரியர் என்று மேலிடத்தில் உட்கார வைத்தார்கள், அதனால் அவர்களுடைய எச்சில் பண்பாடாகிவிட்டது. என் தம்பியுடையது மட்டும் அசிங்கம்.

தில்னோசாவைச் சாப்பிட வைத்து அனுப்பிய கையோடு தம்பிக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லி, வீட்டுக்கு வரச் சொன்னேன். "ஓம், வாறன்" என்றான்.

நேற்றுப் பின்னேரம் வந்தான். சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ளுக்கு வரலாமோ அக்கா?" என்று வாசலில் நின்றான். உங்களை எவ்வளவு வெறுத்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"இது என்ர வீடு. வாடா."

ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குப்பையில் போடப்போகிறேன் என்றேன்.

"விசரே உங்களுக்கு? தேத்தண்ணியைப் போடுங்கோ."

உங்கள் பல் பதிந்த அந்தப் பக்கத்தையே முறித்தான். தேத்தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிட்டான். "எத்தினை பேற்ற எச்சில் கழுவினனான். அத்தான்ர எச்சில் என்னை என்ன செய்யப்போகுது?" என்று சிரித்தான். அப்போது அழுதேன். உங்களுக்காக அல்ல.

அவன் உங்களை மன்னித்துவிட்டான், அது அவன் குணம். நான் மன்னிக்கவில்லை. இருக்கும்வரை அதை வைத்துக்கொண்டுதான் இருப்பேன், தெரிந்துகொள்ளுங்கள்.

போகும்போது அவனை மறுபக்க ஓரத்தை நனைத்து ஒரு கடி கடிக்கச் சொன்னேன். மிச்சத்தை அதே நூலோடு மாட்டியிருக்கிறேன். வேறு ஆணி அடிக்கவில்லை. உங்கள் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவியோடு சாப்பிட வருகிறான்.