காற்றுக் குமிழிக்குப் பத்து மதிப்பெண்

"மேடம், நீங்க கடைசியா எப்ப மைக்ராஸ்கோப்புல கண்ணு வச்சிப் பாத்தீங்க?"

பள்ளிக் குழாயடியில் கண்ணாடி வில்லைகளைக் கழுவிக்கொண்டே நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. இன்று காலை சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கும்போது ஓர் இதழ் ஒடிந்து, அதன் உட்புறத்து மெல்லிய தோல் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. உடனே அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. சாம்பார் கொஞ்சம் தாமதமாயிற்று. அன்று நான் பதில் சொல்லவில்லை. கேட்ட நீங்கள் இப்போது இல்லை என்றாலும் பதிலை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் பி.எட். பயிற்சிக்காக என் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தது ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம். பேருந்து முழுக்கக் காவடிக் கூட்டம். அம்மையார்குப்பத்திலிருந்து நின்றுகொண்டே வந்து, சட்டை நனைந்து, முதல் மணி அடித்த பிறகு வாசலில் நின்றீர்கள். பயிற்சி ஆசிரியர் என்றால் இருபத்திரண்டு வயதுப் பெண் வருவாள் என்று நினைத்திருந்தேன். வந்தவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. பதினைந்து வருஷம் விசைத்தறி ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னீர்கள். நான் உங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவள். உங்களுக்கு எப்படி வழிகாட்டுவது என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

முதல் பாடத்திலேயே தலைமையாசிரியர் எழுந்து வந்துவிட்டார். "யாருங்க டீச்சர், மைக் வச்சிகினு பாடம் நடத்தறது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். "தறிச் சத்தத்துல பேசிப் பேசி இப்படி ஆயிடுச்சிங்க சார். எங்க நைனா ரகசியம் சொன்னாக்கூட அடுத்த தெருவுக்குக் கேக்கும்."

மதிய உணவின்போது வீட்டு நிலவரத்தையும் சொன்னீர்கள். உங்கள் மனைவி தனியாகத் தறியைப் பார்த்துக்கொள்கிறார். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "பயிற்சியில தேறலன்னா மறுபேச்சு பேசாம தறிக்கு வந்துடணும்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னதால் எனக்கு அது வேடிக்கையாகப் பட்டது. உங்களுக்கு அது வேடிக்கையில்லை என்பது, மறுநாள் பாடக் குறிப்பை மூன்று தடவை அடித்து எழுதிக் கொண்டுவந்தபோதுதான் புரிந்தது.

எங்கள் பள்ளியில் இரண்டு நுண்ணோக்கிகள் இருந்தன. இரண்டும் பீரோவுக்குள். லென்ஸ் உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பூட்டிய பீரோ அது. சாவி என் கைப்பையில் இருக்கும். வெங்காயச் செல்லைக் கரும்பலகையிலேயே வரைந்துவிடுவேன். செங்கல் அடுக்கியதுபோல் நீள்சதுரங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பொட்டுபோல உட்கரு. திரும்பிப் பார்க்காமலே வரைவேன். என் படத்தைப் பக்கத்து வகுப்பு ஆசிரியைகள்கூட மெச்சுவார்கள்.

நீங்கள் சாவி கேட்டீர்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். சந்தையில் வாங்கிய பெரிய வெங்காயத்தைப் பிள்ளைகளே ஒடித்து, தோலை உரித்து, சாயம் விட்டு, வரிசையில் நின்று பார்த்தார்கள். மூன்றாம் பெஞ்சு கோமதி பார்த்தபோது வில்லையில் காற்று புகுந்திருந்தது. அவளுக்குத் தெரிந்தது கறுப்பு விளிம்போடு ஒரு வட்டம். அதையே ரெக்கார்டு நோட்டில் வரைந்தாள். மற்ற முப்பத்தேழு பேரும் முந்தின நாள் நான் கரும்பலகையில் வரைந்திருந்த செங்கல் சுவரை வரைந்தார்கள். நீங்கள் கோமதியை அந்த வட்டத்தின் கீழே "காற்றுக் குமிழி, செல் தெரியவில்லை" என்று எழுதவைத்து, பத்துக்குப் பத்து போட்டீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. "பரீட்சையில குமிழி வரைஞ்சா யாரு மார்க் போடுவாங்க சார்?"

"அது பாத்தது குமிழி மேடம். குமிழிய வரைஞ்சிருக்குது. மத்தவங்கல்லாம் உங்க போர்டத்தான பாத்திருக்காங்க?"

"அப்ப என் போர்டு தப்பா?"

"அய்யோ, அப்படிச் சொல்லல மேடம். நாளெல்லாம் தறிகிட்ட நின்னுகினு, இழை எங்க அறுந்துச்சின்னு பாத்துகினே இருந்தவன் நான். அறுந்திருந்தா அறுந்திருக்குதுன்னுதான் சொல்லணும். ஒழுங்கா இருக்கறதா நெனச்சிகினு ஓட்டினா சேலையே போயிடும்."

நான் நோட்டுகளை அடுக்கினேன்.

அடுத்த வாரம் உங்கள் கல்லூரிப் பேராசிரியர் பாடம் பார்க்க வந்தார். எல்லோருக்கும் இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம் என்று மறுபடியும் வெங்காயப் பாடத்தையே எடுத்தீர்கள். கோமதி இந்தத் தடவை காற்று புகாமல் வில்லை தயாரித்துவிட்டாள். பாடம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. பேராசிரியர் சும்மா இராமல் மேசைமேல் இருந்த ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினார். பழைய குமிழிப் பக்கத்தில் அவர் கை நின்றது.

"இதுக்குப் பத்தா? பாடத்தோட நோக்கமே நிறைவேறலியே." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லித் தரலியா டீச்சர்?"

"சொன்னேன் சார். போன வாரமே சொன்னேன். அவர் கேக்கல."

இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சாயப் புட்டியை மெல்ல மூடினீர்கள். பேராசிரியர் தன் படிவத்தில் "மறு பாடம் தேவை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வருவார். அதிலும் சரியில்லை என்றால் பயிற்சி முடிந்ததாக ஆகாது. நீங்கள் தறிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் குழாயடியில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். குரலில் குத்தலே இல்லை. பிள்ளைகளிடம் கேட்பதுபோல, பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள். நான், "அதெல்லாம் இப்ப எதுக்கு? ஆர்.கே. பேட்டை பஸ் போயிடப் போகுது, கிளம்புங்க" என்றேன். கிளம்பிவிட்டீர்கள்.

உங்களிடம் நான் சொல்லாதது இனிமேல்தான் வருகிறது.

நீங்கள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன். கோமதியின் வில்லை இன்னும் நுண்ணோக்கியிலேயே இருந்தது. சன்னல் வெளிச்சம் கொஞ்சம் மிச்சம். கண்ணை வைத்தேன். குவியத்துக்குக் கொண்டுவரவே கை தடுமாறியது. கடைசியாகப் பார்த்தது நான் பி.எஸ்ஸி. படித்தபோது. அப்படியென்றால் உங்கள் கேள்விக்குப் பதில்: இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல்.

செல்கள் தெரிந்தன. செங்கல் மாதிரி இல்லை; ஒன்று நீளம், ஒன்று கோணல், ஒன்றின் முனை இன்னொன்றுக்குள் செருகியது. உட்கரு பல செல்களில் நடுவில் இல்லை. சுவரை ஒட்டி ஓரமாகக் கிடந்தது. சிலவற்றில் தெரியவே இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மாணவி உட்கருவை ஓரத்தில் வரைந்து கொண்டுவந்தாள். நான் சிவப்பு மையால் அடித்து, நடுவில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தேன். அவள் எதைப் பார்த்து வரைந்தாளோ தெரியாது. அவள் வரைந்ததில் தப்பில்லை. அவள் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை.

மறு பாடத்தன்று நான் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. பேராசிரியர் என்னைக் கேட்டபோது, "இவர் சொல்லித் தர்றது சரிங்க சார், நான்தான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல்வதாகத் தயார் செய்துவைத்திருந்தேன். "நல்லா பண்றாருங்க சார்" என்பதுதான் வாயில் வந்தது. அவர் சுமாரான மதிப்பெண் போட்டார். வழிகாட்டி ஆசிரியை போடவேண்டிய கட்டத்தில் நான் முழு மதிப்பெண் போட்டேன். தேறிவிட்டீர்கள்.

படிவத்தைப் பார்த்துவிட்டு வராந்தாவே அதிரும்படி கேட்டீர்கள். "பாவம்னு போட்டீங்களா மேடம்?"

"ஆங், அப்படியே வச்சிக்குங்க" என்றேன்.

பொய்தான். பாவம் பார்த்ததாகச் சொல்வது சுலபமாக இருந்தது.

அதன்பிறகு அரக்கோணம் பக்கம் ஒரு பள்ளியில் உங்களுக்கு வேலை கிடைத்தது. வருஷா வருஷம் ஆசிரியர் தினத்தன்று கூப்பிடுவீர்கள். போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துத்தான் பேசுவேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். "ஸ்கூல் பசங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இந்த வருஷம் உங்கள் எண்ணிலிருந்து உங்கள் மனைவி பேசினார். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி என்றார். உங்கள் வீட்டில் ஒருவர் மெல்லப் பேசி அன்றுதான் கேட்டேன்.

நான் ஓய்வு பெறும்வரை அந்த இரண்டு நுண்ணோக்கிகளும் மேசைமேலேயே இருந்தன. ஒரு லென்ஸ் விரிசல் விட்டது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. குமிழி வரைந்த பிள்ளைகளுக்கும் மதிப்பெண் போட்டேன். ஆனால் ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் முதலில் சொல்ல வேண்டியதை மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது?

இன்று காலை அந்தத் தோலைச் சன்னலில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். வெறும் கண்ணுக்குச் செல் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஈரமும் ஒரு சுருக்கமும் தெரிந்தன. மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் அதை மட்டும் வரைந்தேன். என் பழைய படங்களுக்கு முன்னால் அது அசிங்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்திருந்தால் பத்துப் போட்டிருப்பீர்கள்.

இந்த மடல் வேறு யார் கையிலாவது கிடைத்தால், அவர்களுக்கு ஒன்று: நாளை வெங்காயம் நறுக்கும்போது ஓர் இதழை ஒடித்து உட்தோலை உரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரையுங்கள்.